ஏழு எண்ணி ஒரு நடை

முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது. இனி நிறுத்த முடியாது. பட்டனை அமுக்கினால் நிற்கும்தான், ஆனால் என்ன சாக்குச் சொல்லி நிறுத்துவாள் எப்சிபா? அவராகத்தானே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, உப்புக் குறைத்த ஆட்டுக்கறிக் குழம்பை "இது குழம்பா வெந்நீரா" என்று முணுமுணுத்துக்கொண்டே ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, நாற்காலியில் சாய்ந்ததும் வில்பிரட் கேட்டார்: "ஆல்பம் முடிஞ்சிட்டுன்னு பெனடிக்ட் போன்ல சொன்னான். ஊர்ல உள்ளவன் எல்லாம் கேட்டாச்சி. ஏளா, எனக்குப் போட்டுக் காட்ட மாட்டியா?" மாட்டேன் என்று எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்? அதுவும் வாழ்நாளெல்லாம் டிரம்ஸ் வாசித்த மனுஷனிடம். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சுக் கேட்காமல் போயிருக்காவிட்டால், இந்த ஆல்பத்தில் பெனடிக்ட் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவரிடம். ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, அவர் முகம் தெரிகிற மாதிரி மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு பாட்டு, ஆறும் அவள் போட்ட ஜாஸ் மெட்டு. ஆறாவதுதான் கடைசி. நாளைக்குக் காலையில் பெனடிக்ட் எல்லாவற்றையும் இணையத்தில் போட அனுப்பிவிடுவான், அதற்கப்புறம் உலகம் பூரா கேட்கும், கூப்பிட்டால் திரும்பி வராது. உலகம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறது. இந்த ஒருத்தர் ஆறாவது பாட்டைக் கேட்கிறதை நினைத்தால்தான் கை பட்டன் பக்கம் போய்ப் போய் வந்தது. அது வருவதற்குள் கரண்ட் போகலாம். யாராவது காலிங் பெல்லை அடிக்கலாம். ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் ஜெபத்தில் கேட்கிற காரியமா இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வில்பிரட்டின் வலது கை நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்திருந்தது. நல்லது. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். முகம் மரியாதைக்குப் பொய் சொல்லும், டிரம்ஸ்காரன் விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தக தகிட, தக தகிட. இது அஞ்சு. சுற்றுக்கு அஞ்சு எண்ணிக்கை. ஜாஸில் இந்த மாதிரி ஒற்றைப்படைத் தாளமெல்லாம் பெரிய பெரிய படிப்பாளிகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எப்சிபாவுக்கு அஞ்சு கிடைத்தது சபையில். ஆர்கன் வாசிக்கிறவள் அவள். ஞானப்பாட்டுப் புத்தகத்தில் நாலு நாலாகத்தான் போட்டிருக்கும். ஜனங்கள் நாலில் பாடினால்தானே! ஒரு வரி முடிந்ததும் மொத்தச் சபையும் சேர்ந்து சாவகாசமாக ஒரு மூச்சு வாங்கும், பஸ்ஸுக்குப் போகிற அவசரமா என்ன. புத்தகத்தில் இல்லாத ஒரு எண்ணிக்கை. புதிதாக வந்த போதகருக்கு அது ஆகாது. "ஆர்கன் அவங்களுக்காக நிக்கக் கூடாதும்மா, அவங்கதான் ஆர்கனோட வரணும்" என்பார். நல்லா வருவார்களே! அத்தனை பேர் மூச்சு வாங்கும்போது ஒருத்தி மட்டும் எப்படி மேலே வாசித்துக்கொண்டு போவாள்? அவள் நிற்பாள். அந்த ஒரு எண்ணிக்கையில் வளையல் குலுங்கும், ஏதோ ஒரு குழந்தை இருமும், யாரோ மூக்கை உறிஞ்சுவார்கள், பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அடுத்த வரியில் போய் விழுவார்கள். அந்த இடம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். அதைத்தான் பாட்டாக்கினாள். பியானோ நாலு வாசிக்கும், அஞ்சாவதில் பெனடிக்ட் சிம்பலில் மூச்சு மாதிரி ஒரு உஸ் விடுவான். இதோ விடுகிறான். வில்பிரட் தலையை ஆட்டினார்.

அதிலேதான் வினையும் வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பாடகர் குழுவுக்கு டீயும் கேக்கும் கொடுத்துவிட்டு, பெருமை தாங்காமல் அந்தப் பாட்டை வாசித்துக் காட்டி, இது நீங்க மூச்சு வாங்குறதுதான் என்று விளக்கமும் சொன்னாள். சும்மா இருந்திருக்கலாம். தங்கப்பூ அக்கா கேக்கை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, "எங்களுக்குப் பாடத் தெரியலன்னு ரெக்கார்டு போட்டு ஊரெல்லாம் காட்டப் போறியாக்கும்" என்றாள். அன்றோடு சபையில் வேறு பெஞ்சுக்குப் போனவள்தான், இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்று காலையில்கூட வாசலில் நேருக்கு நேர் வந்து, செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். அழகுக்கா, கேலி இல்லக்கா, அழகு. எத்தனை தரம் சொன்னாலும் என்ன, அடுத்தவர்கள் தடுமாறுகிற இடத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறவளை யார் நம்புவார்கள்? எப்சிபாவே இப்போது தன்னைப் பாதிதான் நம்பினாள். அழகு என்று பட்டது அவளுக்குத்தானே. தடுமாறுகிறவர்களுக்கு அது தடுமாற்றம். அதை ஒருத்தி எடுத்துப்போய் ஜோடித்து, ரிவெர்ப், எதிரொலி எல்லாம் போட்டு... இரண்டாவது பாட்டு எப்போது ஆரம்பித்தது?

"ஒம்போதா?" என்றார் வில்பிரட்.

"ஒம்போதுதான்."

"அப்பப்பா. நாலு கால் உள்ள மேசதான் நிக்கும்னு நானும் தலபாடா அடிச்சிக்கிட்டேன். நீ கேட்டாத்தான!"

அவர் நாலு மனுஷன். கல்யாண வரவேற்பு, ஓட்டல் மேடை, சினிமா ரெக்கார்டிங் எங்கே கூப்பிட்டாலும் நாலுக்கு நாலு, வில்பிரட் டிரம்ஸில் உட்கார்ந்தால் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடலாம் என்று சொல்லுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, அப்படித்தான் இருக்கும். கல்யாணமான புதிதில் அவள் அஞ்சில் ஒன்றை வாசிக்கப்போக, அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "இது நாலுதாம்ளா, செருப்புக்குள்ள கல்லு கெடக்கு" என்றார். அவளுக்குக் கெட்ட கோபம். மூன்று நாள் பேசவில்லை. இல்லை, பேசாமல் இருந்தது அதற்கல்ல, அது அவருடைய அக்கா வந்திருந்தபோது நடந்த வேறு சண்டை. எல்லாச் சண்டையும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. இதற்கு அவர் மறுநாள் டிரம்ஸ் வருடுகிற கம்பிப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து, அஞ்சு வருகிறதா பார்ப்போம் என்று பாயின் மேலேயே தட்டிக்கொண்டிருந்தார், வேர்க்க வேர்க்க, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, நாலாவதிலேயே விழுந்து விழுந்து எழுந்து. அப்போது அவளுக்கு அவர் மேல் வந்த ஆசை இருக்கிறதே, அது இன்றைக்கும் குறையவில்லை. இந்த மனுஷனைப் போயா பாட்டாக்கினாள்?

இந்த மனுஷனைத்தான். வேண்டுமென்று செய்யவில்லை, அதை மட்டும் யாராவது நம்பினால் போதும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். அடுக்களை வாசலிலிருந்து பால்கனி வரைக்கும், கம்பை ஊன்றிக்கொண்டு, தினமும் ரெண்டு வேளை. கூடவே வராதே, விழுந்தா கூப்பிடுதேன் என்று அவளைத் துரத்திவிட்டார். அவள் உள்ளறையில், பால்கனிப் பக்கத்து ஜன்னலோரம், கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, விழுவாரோ விழுவாரோ என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருப்பாள். ஹாலிலிருந்து சத்தம் வரும். டொக்கு என்று கம்பு, தட் என்று வலது கால், அப்புறம் சர்ர்ர் என்று தரையைத் தேய்த்துக்கொண்டு இடது கால். டொக்கு, தட், சர்ர்ர். பயத்தில் வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது விரல் தன்பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டது. கம்புக்கு ரெண்டு, வலது காலுக்கு ரெண்டு, இடது காலுக்கு மூணு. தக, தக, தகிட. ஏழு. அச்சு பிசகாத ஏழு. நாலைத் தவிர வேறு எதுவும் ஆகாது என்றவர் ஏழில் நடந்துகொண்டிருக்கிறார்! அவள் சத்தத்தை அடியோடு குறைத்துவைத்துக்கொண்டு, திருட்டுத்தனம் பண்ணுகிறவள் மாதிரி, அவர் அடிக்கு அடி கட்டையை அமுக்கினாள். மறுநாளும் அமுக்கினாள். மறுநாளைக்கு மறுநாள் அதற்கு ஒரு ராகம் வந்துவிட்டது, அதுதான் ஆறாவது பாட்டு. பால்கனிப் பக்கம் போனதும் சத்தம் நின்றுவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெகுநேரம் நிற்பார். என்ன வலியோ, என்ன ஆயாசமோ, வாய்விட்டு ஒரு ஐயோ சொல்கிறாரா பார் என்று அவளுக்குக் கண் கரித்துக்கொண்டு வரும். அவர் நிற்கிறபோது பிடித்த சுற்றை அவள் ஒருதரம் வாசித்துப் பார்ப்பாள், பாட்டாகச் சேர்த்தபோதுதான் அந்த இடத்தில் கையைத் தூக்கிவிட்டு நின்றாள். அழுதுகொண்டே வாசித்தாள் அதை. அழுதால் மட்டும் கேலி இல்லை என்று ஆகிவிடுமா?

ஏனென்றால் கேலியை அவர் எப்படித் தாங்கினார் என்று அவள் கண்ணால் பார்த்தாள். எப்சிபாவின் தங்கச்சி பேத்தி, நாலு வயசு வாண்டு, பார்க்க வந்த இடத்தில் குடையைக் கம்பாக ஊன்றிக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஹாலின் நீளத்துக்கும் நடந்து காட்டியது. பெற்றவள் பாய்ந்து ஒன்று வைத்தாள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் வில்பிரட்தான். "விடும்மா, நல்லாத்தான நடக்கா." அன்றைக்குப் படுக்கப் போனவர் ஒரு வாரம் கம்பைத் தொடவில்லை. எப்சிபாவும் கீபோர்டு இருந்த அறைப்பக்கம் போகவில்லை. குடையை ஊன்றி நடந்தது அந்தக் குழந்தை இல்லை, தான்தான் என்று பட்டது அவளுக்கு, கீபோர்டைப் பழைய போர்வை போட்டு மூடிவைத்தாள். டாக்டர் போனில் கத்தினார். நடந்தால்தான் கால் வரும், நிறுத்தினால் போனது போனதுதான், அப்புறம் என்னிடம் வந்து அழக் கூடாது என்றார். மறுவாரம் மனசு கேட்காமல் அவள் போர்வையை எடுத்துவிட்டுக் கீபோர்டில் உட்கார்ந்த அன்று, எப்படியோ அவரே எழுந்து நடந்தார். இப்போது அதே மனுஷனை உட்காரவைத்து, அதே நடையை ஸ்பீக்கரில் கேட்கவைக்கப் போகிறாள். மறுபடியும் படுத்துவிட்டால்? பாட்டை எடுத்துக் குப்பையில் போடலாம், பெனடிக்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலை எங்கே போய் வாங்குவாள்?

மூன்றாவது போனது தெரியவில்லை. நாலாவது பாட்டில் அவர் விரல் மெதுவாகி, நாற்காலிக் கையிலேயே படுத்துக்கொண்டது. அடக் கடவுளே, தூங்கிவிட்டார்! வாய் லேசாகத் திறந்திருந்தது. ஷேவ் பண்ணும்போது இடது தாடையில் விட்டுவிட்ட நரை முடி நாலைந்து ஃபேன் காற்றுக்கு ஆடியது. எப்சிபா போனை எடுத்து, சத்தத்தை ஒரு புள்ளி குறைத்தாள். இன்னொரு புள்ளி. தூங்குங்க அத்தான், நல்லாத் தூங்குங்க. அஞ்சாவதும் ஆறாவதும் ஓடி முடிந்துவிடும், எழுந்ததும் டீ போட்டுக் கொடுத்து, எல்லாம் கேட்டீங்கள்லா என்று சொல்லிவிடலாம். நல்ல பெண்டாட்டிதான் போ! தன் பாட்டுக்குத் தன் புருஷன் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பியானோக்காரி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பெனடிக்டிடமும் பொய். "அக்கா, இந்த ஏழு எங்கேருந்துக்கா புடிச்சீங்க, அப்படியே மனுஷ நடை மாதிரியே இருக்கு" என்று அவன் கேட்டபோது சும்மா வந்துச்சுடா என்றாள். அவன் சும்மா இருந்தானா, மூணு எண்ணிக்கைக்குப் பிரஷ்ஷை டிரம் தோலின் மேல் சர்ர்ர் என்று இழுத்துவிட்டான். அந்த இழுப்பை யார் கண்டுபிடிக்காமல் இருப்பார்கள்? செருப்பு தரையில் தேய்கிற சத்தம் தெரியாதா செருப்புப் போட்டவருக்கு? அஞ்சாவது பாட்டு முடிகிற நேரம். இன்னும் கொஞ்சம்தான். அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டுக் குக்கர் விட்டது ஒரு விசில், செத்தவன் எழுந்து உட்காருகிற மாதிரி. மத்தியானம் எல்லோரும் தின்று முடித்த நேரத்தில் அப்படி என்ன வேகவைக்கிறார்களோ, பாவிகள்.

"நான் தூங்கல" என்றார் வில்பிரட். "சத்தம் ஏன் கொறஞ்சிட்டு? கூட்டு."

கூட்டினாள். வேறென்ன செய்ய? ஆறாவது ஆரம்பித்தது. முதலில் பாஸ் கிதார் மட்டும், டொக்கு என்று ஒரே ஒரு சுரம். அப்புறம் டிரம், தட். அப்புறம் பிரஷ். டொக்கு, தட், சர்ர்ர். அவர் விரல் தட்டத் தூக்கி, தட்டாமல் அந்தரத்தில் நின்றது. தெரிந்துவிட்டது. ஒரே சுற்றில் தெரிந்துவிட்டது, எப்சிபா, உன் சோலி முடிந்தது. அவள் பார்வையை விரலிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் அவருடைய காலுக்குக் கொண்டுபோனாள். இடது காலில் ரப்பர் செருப்பு. அதன் நுனி, பிரஷ் இழுக்கிறபோதெல்லாம், இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தரையில் அசைந்துகொண்டிருந்தது. பியானோ வந்தது. அவளுடைய பியானோ, அழுதுகொண்டே வாசித்தது, பின்னாலேயே போகிறது, விழுந்துவிடாதீங்க விழுந்துவிடாதீங்க என்று அடிக்கு அடி. எழுந்து அடுக்களைக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. பால்கனி இடம் வந்தது. எல்லா வாத்தியமும் நின்றது. பாஸின் சுரம் ஒன்று மட்டும் அடங்கிக்கொண்டே போக, ஹாலில் ஃபேன் சத்தம் கேட்டது. திரும்பவும் நடை. திரும்பவும் நிற்பது. கடைசியில் பாட்டு முடிந்து, ஸ்பீக்கர் லேசாக உஸ் என்றுகொண்டிருந்தது.

"எப்சி."

"என்னத்தான்."

"இது நானா?"

"ஆமாத்தான்." அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "வேண்டாம்னா எடுத்துருதேன். இப்பவே பெனடிக்டுக்குப் போன் போடுதேன். கேலி இல்லத்தான், சத்தியமா இல்ல. உள்ள உக்காந்து பயந்துக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன், விரல் அதுபாட்டுக்கு... உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்கத் தைரியம் வரல. நடக்கத மட்டும் நிறுத்திராதீங்க, உங்க கால்ல விழுதேன்."

"ஏட்டி, இரு, இரு. ஒப்பாரி வைக்காத. நடுவுல நடுவுல எல்லாவனும் கைய எடுத்துட்டு நிக்கானே, அது என்ன?"

"அது நீங்க பால்கனிகிட்டப் போய் நிப்பீங்கள்லா. வலி தாங்காம."

"வலியா?" வில்பிரட் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வலி இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. வலிக்கி நிக்கதுன்னா பாதி வழியில சோபா கெடக்கு, அதுல உக்காந்திருக்க மாட்டேனா? பால்கனிக் கம்பிகிட்ட நின்னாத்தான் உன் ரூம் ஜன்னல் வழியா நீ வாசிக்கது கேக்கும். நீ என்னமோ எலி கொறிக்கிற மாதிரி வாசிப்ப, காதைக் கொண்டு போய் ஒட்ட வைக்கணும். அந்தச் சுத்த நீ சரியாப் பிடிச்சிட்டியான்னு கேட்டுட்டுத் திரும்புவேன். பிடிக்கலன்னா, சரி, கழுத இன்னொரு தடவ நடந்து காட்டுவோம்னு வருவேன். டாக்டர் நடக்கச் சொன்னது வேளைக்கு அஞ்சு சுத்து. நான் எத்தன நடந்தேன்னு எண்ணுனியா நீ? ஏழு எண்ணத் தெரியுது, இத எண்ணத் தெரியல."

எப்சிபாவுக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது தாங்கவில்லை. அவள் வலி என்று நினைத்து அழுத இடத்திலெல்லாம் அந்த மனுஷன் ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பார்த்தீர்களா அநியாயத்தை, ஒரு வார்த்தை சொல்லாமல்! ஆனாலும் அந்த ஒரு வாரம்? அது உண்மைதானே. அதைக் கேட்காமல் விட்டால் இன்று ராத்திரி தூக்கம் வராது.

"அப்போ அந்தப் பிள்ள நடந்து காட்டுன பிறகு? ஒரு வாரம் நடக்கவே இல்லியே நீங்க. அவ்வளவு மனசு விட்டுப் போயிட்டுன்னு நான்..."

"அவளா! அவ ஆறுல நடந்தா, கூறுகெட்ட பிள்ள." வில்பிரட் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "சங்கடமாத்தான் இருந்துச்சு எப்சி. ஒரு நாள், ரெண்டு நாள். மூணாம் நாள் எழுந்திரிச்சுக் கம்ப எடுக்கப் போனேன். நீ கீபோர்ட மூடிப் போட்டிருந்த. அன்னைக்கும் நீ உள்ள போய் உக்காரல, மறுநாளும் உக்காரல. பிறகு யாருக்கு நடக்க?"

எப்சிபா மோடாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, அவருடைய வராத காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. அவர் வலது கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரம்தான். பிறகு கம்பு எங்கே என்று பக்கத்தில் துழாவினார்.

"போதும், எந்திரி. அந்த நடை பழசாப் போச்சி. கால் இப்ப கொஞ்சம் தூக்க வருது, நீ கவனிச்சியா? ஏழு இல்ல இப்ப. என்னன்னு எனக்கும் பிடிபடல. போ, போய் உள்ள உக்காரு."

எப்சிபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னலை முழுசாகத் திறந்து கொக்கி மாட்டினாள். கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு, கம்பு தரையில் டொக்கு என்று ஊன்றுகிற சத்தத்துக்குக் காத்திருந்தாள்.